பிட்டுப் பார்த்த கரடி

ஒரு காட்டில் எல்லாருக்கும் பொதுவாகக் கீழே ஓர் ஓடையும், சிலருக்கு மட்டும் சொந்தமாக மேலே ஒரு சுனையும் இருந்தன. ஓடை கோடையில் வற்றும். சுனை வற்றாது. சுனையைச் சுற்றி அத்தி மரங்கள். அத்தி மரங்களில் மந்திகள்.

சுனையை மந்திகளுக்கு யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. முதலில் வந்து உட்கார்ந்தார்கள், பிறகு எழுந்திருக்கவில்லை. அவ்வளவுதான் அவர்களுடைய உரிமை. குழந்தைகளே, ஒருவர் ஓரிடத்தில் நெடுநாள் உட்கார்ந்திருந்தால், அவரைப் பார்த்ததும் நமக்கே ஒரு மரியாதை வந்துவிடுகிறது அல்லவா? காட்டு விலங்குகளுக்கும் அப்படித்தான் வந்துவிட்டது.

ஓடைக்கரையில் சடைச்சி என்ற கரடி வாழ்ந்துவந்தாள். புற்றைக் கிளறிக் கறையானை உறிஞ்சுவதில் அவளை மிஞ்ச ஆள் இல்லை. அவளுக்கு மூன்று மாதக் குட்டி ஒன்று. கரடிக் குட்டிகள் தாயின் முதுகு முடியைப் பிடித்துக்கொண்டுதான் காட்டைச் சுற்றிப் பார்க்கும். அந்தக் குட்டியும் அப்படித்தான் பார்த்தது.

அந்த ஆண்டு மழை இல்லை. மாசி முடிவதற்குள் ஓடை மணலாகிவிட்டது. குட்டியின் நாக்கு மரப்பட்டைபோலக் காய்ந்தது. சடைச்சி அதை முதுகில் ஏற்றிக்கொண்டு மேலே சுனைக்குப் போனாள்.

சுனை வாசலில் ஒரு மந்தி காவல் இருந்தான்.

"வாயைத் திற" என்றான்.

சடைச்சி திறந்தாள். அவன் மூக்கை நீட்டி மோந்தான். உடனே இரண்டு முழம் பின்னால் குதித்தான்.

"கறையான் வாடை. உயிரைத் தின்ற வாய் இந்தத் தண்ணீரில் படக் கூடாது."

"என் குட்டி கறையான் தின்றதில்லை, ஐயா. பால்தான் குடிக்கிறது. அதற்கு மட்டுமாவது விடுங்கள்."

"பால் எங்கிருந்து வருகிறது?"

"என்னிடமிருந்து."

"நீ எதைத் தின்று பால் கொடுக்கிறாய்?"

"கறையானைத்தான்" என்றாள் சடைச்சி. அவளுக்குப் பொய் சொல்ல வராது. அந்தக் காட்டில் பிழைப்பதற்கு அது ஒரு பெரிய குறை.

பேச்சுக் குரல் கேட்டு மந்திகளின் தலைவர் சீலநாதர் மரத்திலிருந்து இறங்கினார். முதலில் அவருடைய தொந்தி இறங்கியது. பின்னால் அவர் இறங்கினார்.

"பயப்படாதே, அம்மா. நாங்கள் யாரையும் வெறுப்பவர்கள் இல்லை. வழக்கத்தைத்தான் வெறுக்கிறோம். நீ கறையானை விட்டுவிடு. கிளையில் விளைவதை மட்டும் தின்னு. மண்ணுக்குள் விளைந்தது ஆகாது. மண்ணில் உதிர்ந்து கிடப்பதும் ஆகாது. உயிர் என்று ஒன்று, கடுகளவுகூட, உன் தொண்டையில் இறங்கக் கூடாது. சத்தியம் செய். இந்தச் சுனை உனக்கும் உன் குட்டிக்கும் திறந்திருக்கும்" என்றார்.

கிளையின் நுனிவரை போகக் கூடியவர்கள் அந்தக் காட்டில் யார் யார் என்று சடைச்சி கேட்டிருக்கலாம். தாகத்தில் இருப்பவர்கள் அதையெல்லாம் கேட்பதில்லை. அவள் சத்தியம் செய்தாள்.

மந்திகள் அவள் கழுத்தில் கொடி மாலை போட்டார்கள். "புலால் துறந்த பெருமாட்டி" என்று பட்டம் கொடுத்தார்கள். குட்டி வயிறு முட்டத் தண்ணீர் குடித்தது. திரும்பும் வழியில் எதிர்ப்பட்ட காட்டுப்பன்றி, "என்னக்கா, கழுத்தில் கொடி சிக்கிக்கொண்டதா?" என்று கேட்டான். சடைச்சி நிமிர்ந்து நடந்தாள். அவளுக்குக் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

அன்று முதல் அவள் புற்றுப் பக்கமே போகவில்லை. எட்டிய கிளையில் தளிர் தின்றாள், பூத் தின்றாள். மந்திகள் கருணையோடு அத்திப்பழமும் பறித்துப் போட்டார்கள். கையில் வாங்கிக்கொண்டால் அது உதிர்ந்ததாக ஆகாது என்று அவர்களே விளக்கம் சொன்னார்கள்.

முதல் அத்திப்பழத்தைத் தின்னும் முன் சடைச்சி அதைப் பிட்டுப் பார்த்தாள். கடுகளவு உயிரும் கூடாது என்று சத்தியம் செய்திருக்கிறாளே. பழத்துக்குள் கடுகளவு உயிர்கள் முப்பது நாற்பது நெளிந்துகொண்டிருந்தன. நீள நகத்தால் எல்லாவற்றையும் சுரண்டி எறிந்துவிட்டு, மிஞ்சிய தோலைத் தின்றாள். அடுத்த பழத்திலும் அப்படியே. அதற்கடுத்ததிலும் அப்படியே.

"இத்தனை பேரும் இத்தனை பழத்தையும் எப்படித்தான் சுரண்டி முடிக்கிறார்களோ. பெரியவர்கள் பெரியவர்கள்தான்" என்று அவள் வியந்தாள்.

ஒரு மாதம் போனது. சடைச்சியின் முடி கொத்துக் கொத்தாக உதிர்ந்தது. மேடு ஏறினால் முழங்கால் நடுங்கியது. பிறகு பால் வற்றியது. குட்டி உறிஞ்சும், அழும், மறுபடி உறிஞ்சும். ஒருநாள் முதுகில் போய்க்கொண்டிருந்த குட்டி, பிடியை விட்டுக் கீழே விழுந்தது. தடுக்கி விழவில்லை. பிடித்துக்கொள்ளக் கையில் பலம் இல்லாமல் விழுந்தது.

சடைச்சி சீலநாதரிடம் ஓடினாள்.

"ஐயா, உடம்பு தேய்கிறது. பால் நின்றுவிட்டது."

"உடம்பைப் பற்றியே நினைக்கிறாய், பார்த்தாயா? உன் வாய்தான் கறையானை விட்டிருக்கிறது. மனம் இன்னும் புற்றுக்குள்ளேயே இருக்கிறது."

"இல்லை, ஐயா. நான் நினைக்கவே இல்லை."

"நினைக்கவில்லை என்று நினைக்கிறாய் அல்லவா? அதுவும் நினைப்புதான்."

அருகில் இருந்த மந்திகள் "ஆகா" என்று தலையாட்டினார்கள். சடைச்சிக்கு ஒன்றும் புரியவில்லை. புரியாததால் அது உயர்ந்த பேச்சாக இருக்கும் என்று எண்ணிக்கொண்டாள்.

"காட்டு வள்ளிக்கிழங்கு தின்னலாமா, ஐயா? அதில் உயிர் இல்லையே."

"மண்ணுக்குள் விளைந்தது."

"கொள்ளு? காட்டுக் கொள்ளு நெற்று வெடித்துக் கிடக்கிறது."

"மண்ணில் உதிர்ந்தது. பட்டம் வாங்கியவள் குனிந்து பொறுக்கலாமா? தளிரை அதிகமாகத் தின்னு. எங்களைப் பார். நாங்களும் இதே தளிரும் இதே பழமும்தான்." சீலநாதர் தொந்தியைத் தடவிக்கொண்டார்.

சடைச்சி குட்டியை வாயில் கவ்விக்கொண்டு இறங்கினாள். பொழுது சாயும் நேரம். பாறை ஓரத்தில் முள்ளம்பன்றி ஈட்டிமுத்து மண்ணைப் பறித்துக்கொண்டிருந்தான். உருண்டு திரண்ட உடம்பு. அவளைப் பார்த்ததும் பறிப்பதை நிறுத்தினான்.

"என்னக்கா இது? கரடி என்று நினைத்துப் பார்த்தால் கரடித்தோலாக இருக்கிறாய்."

"நான் புலாலை விட்டுவிட்டேன், தம்பி" என்றாள் சடைச்சி. களைப்பிலும் குரலில் கொஞ்சம் பெருமை ஒட்டியிருந்தது.

"அப்படியா? நான் தின்றதே இல்லை. என் அப்பன் தின்றதில்லை. அவனுடைய அப்பனும் தின்றதில்லை."

"உனக்கும் பட்டம் கொடுத்தார்களா?"

"எனக்கா? சுனைப் பக்கம் போனால் கல்லால் அடிக்கிறார்கள். மூக்கில் மண் ஒட்டியிருக்கிறதாம். நீர் ஊறிய கிழங்கைக் கடித்துத்தான் தாகம் தீர்க்கிறேன். அதை விடு. கறையானை விட்டாயே, அந்த இடத்தில் என்ன வைத்தாய்?"

"எந்த இடத்தில்?"

"வயிற்றில்தான். ஒன்றை எடுத்தால் இன்னொன்றை வைக்க வேண்டாமா? என்ன வைத்தாய்?"

சடைச்சி யோசித்துப் பார்த்தாள். தளிர், பூ, பழத்தோல், பட்டம். கடைசியில் இருந்ததைத்தான் அவள் நிறையத் தின்றிருந்தாள்.

"வேரை விடு, விதையை விடு, கிழங்கை விடு என்றால் பிறகு எலும்புக்கு ஏது பலம்?" என்றான் ஈட்டிமுத்து. "நான் கிழங்கு தின்கிறேன். கொள்ளுத் தின்கிறேன். மான் தலையிலிருந்து தானாக உதிர்ந்த கொம்பு கிடைத்தால் உட்கார்ந்து கொறிக்கிறேன். மானுக்கும் நட்டமில்லை, எனக்கும் பல் உறுதி. இந்தா, முதலில் இதைத் தின்னு."

பாதிக் கிழங்கை அவள் முன்னால் உருட்டிவிட்டான். சடைச்சி தின்னவில்லை.

"அவர்களும் என்னைப்போலத் தளிரும் அத்திப்பழமும்தான் தின்கிறார்கள். அவர்களுக்கு மட்டும் எப்படித் தொந்தி போடுகிறது?"

"பழத்தைப் பிட்டா தின்கிறார்கள்?"

சடைச்சி ஒரு மாதமாகப் பார்த்ததையெல்லாம் நினைவுக்குக் கொண்டுவந்தாள். மந்திகள் பழத்தைப் பறிப்பார்கள். அண்ணாந்து வாயைத் திறப்பார்கள். முழுதாகப் போட்டுக்கொள்வார்கள். ஒருவர்கூடப் பிட்டதில்லை.

ஈட்டிமுத்து சிரித்த சிரிப்பில் அவன் முதுகு முட்களெல்லாம் கலகலவென்று ஆடின. சடைச்சி சிரிக்கவில்லை. கிழங்கை எடுத்துத் தின்றாள். இன்னொன்று தோண்டித் தின்றாள். கிடந்த கொள்ளையெல்லாம் குனிந்து பொறுக்கினாள். விடிந்து குட்டி உறிஞ்சியபோது இரண்டு மிடறு பால் வந்தது.

ஆனால் குட்டிக்குத் தண்ணீரும் வேண்டுமே. அவள் சுனைக்குப் போனாள். காவல் மந்தி வாயை மோந்தான்.

"மண் வாடை."

"ஆமாம், கிழங்கு தின்றேன்."

உடனே மந்திகள் கூடினார்கள். கூட்டம் என்றதும், தாகத்தோடு கீழே காத்துக் கிடந்த பன்றியும் கீரியும் நரியும் மற்ற விலங்குகளும் பாறையைச் சுற்றி வந்து நின்றார்கள். சீலநாதர் உயரமான கல்லில் உட்கார்ந்தார். அவர் முன்னால் அத்திப்பழக் குவியல். ஒரு பழத்தை வாயில் போடுவார். ஒரு வாக்கியம் பேசுவார்.

"இவள் சத்தியம் மீறினாள்." ஒரு பழம். "மண்ணைத் தோண்டினாள்." ஒரு பழம். "கிழங்கை விட்டால் சுனை உண்டு. கிழங்கு வேண்டுமென்றால் சுனை இல்லை. நீயே சொல், அம்மா."

கிழங்கை விட்டால் பால் போகும். சுனையை விட்டால் தண்ணீர் போகும். எதை விட்டாலும் போவது குட்டிதான். சடைச்சி அதைத் தரையில் இறக்கிவைத்துவிட்டு முன்னால் வந்தாள்.

"சொல்கிறேன், ஐயா. அதற்கு முன் அந்தப் பழத்தைக் கொஞ்சம் பிட்டுக் காட்டுங்கள்."

சீலநாதரின் கை பாதி வழியில் நின்றது.

"எதற்கு?"

"எனக்கு நீங்கள்தானே வழிகாட்டி. எப்படிச் சுரண்டுவது என்று உங்களிடம் கற்றுக்கொள்கிறேன்."

"பழத்தைப் பிட்டுப் பார்ப்பது பழத்தை அவமதிப்பது. நாங்கள் நம்பிக்கையோடு தின்பவர்கள்."

"நான் பிட்டுப் பார்த்துத்தான் தின்றேன், ஐயா. சத்தியம் செய்திருந்தேனே" என்றாள் சடைச்சி. குவியலிலிருந்து ஒரு பழத்தை எடுத்துப் பிட்டுப் பாறைமேல் வைத்தாள். இன்னொன்றைப் பிட்டு அதன் பக்கத்தில் வைத்தாள். இன்னொன்று. இன்னொன்று. வெயில் பட்டதும் உள்ளே இருந்தவை மெல்ல ஊர்ந்து வெளியே வந்தன.

"அது கொட்டை" என்றார் சீலநாதர்.

கொட்டைகளில் ஒன்று சிறகை விரித்துப் பறந்துபோய் அவர் மூக்கின்மேல் உட்கார்ந்தது.

"பறக்கிற கொட்டையை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்" என்றான் பன்றி.

"அப்படியே பூச்சியாக இருந்தாலும், பழத்தில் பிறந்தது பழத்தின் பகுதி" என்றார் சீலநாதர்.

"அப்படியானால் புற்றில் பிறந்த கறையான் மண்ணின் பகுதிதானே, ஐயா? நீங்கள் என்னை மண் தின்றவள் என்று மட்டும் சொல்லியிருக்கலாம். உயிரைத் தின்றவள் என்று ஏன் சொன்னீர்கள்?"

சீலநாதர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். வாய்க்குள் முந்தைய பழம் இன்னும் இருந்தது. மூடிக்கொண்டார்.

"நீங்கள் தின்றதில் எனக்கு வருத்தம் இல்லை" என்றாள் சடைச்சி. "தின்னுங்கள். உங்கள் தொந்தி அதில்தான் நிற்கிறது. அதை என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என் பால் வற்றியிருக்காது. நான் கேட்க வந்தபோது என் மனம் சரியில்லை என்றீர்கள்."

சடைச்சி குட்டியைத் தூக்கிக்கொண்டு காவல் மந்தியைத் தாண்டிச் சுனைக்குள் இறங்கினாள். பின்னால் பன்றி இறங்கினான். கீரி, நரி, கடைசியில் மூக்கு நிறைய மண்ணோடு ஈட்டிமுத்து. தடுக்க மந்திகளுக்குக் கை இருந்தது. கேட்க வாய்தான் இல்லை.

தண்ணீர் குடித்துக்கொண்டே நரி கேட்டான்: "அக்கா, இனிமேல் புற்றுக்குப் போக வேண்டியதுதானே? யார் கேட்கப் போகிறார்கள்?"

"யாரும் கேட்காததால்தான் போகப் போவதில்லை. கிழங்கும் கொள்ளும் எனக்குப் பிடித்துப்போய்விட்டது. வாய் மணக்க வேண்டும் என்று விட்டபோது உடம்பு போனது. இப்போது தின்பதைத் தெரிந்து தின்கிறேன். வயிறும் நிறைகிறது."

அந்த ஆவணி மாதத்துக்குள் அவளுக்குப் புது முடி முளைத்துவிட்டது. குட்டி கொழுத்துப்போய், முதுகில் ஏற்றினால் அவளுக்கே இடுப்பு வலித்தது.

மந்திகள் சும்மா இருக்கவில்லை. அந்தக் கூட்டம் நடந்த மறுநாளே மறுபடி கூடி, நீண்ட நேரம் விவாதித்து, ஒருமனதாக ஒரு புதுச் சட்டம் கொண்டுவந்தார்கள். அத்திப்பழத்தை இனி உச்சிக் கிளையில், அடர்ந்த இலைக்குள் உட்கார்ந்து, கண்ணை மூடிக்கொண்டுதான் தின்ன வேண்டும்.

நீதி: எதை விட்டோம் என்று சொல்லிக்கொண்டால் பட்டம் கிடைக்கும், விட்ட இடத்தில் எதை வைத்தோம் என்று பார்த்தால்தான் உடம்பு கிடைக்கும்.