இருநூற்றுப் பதினாறு வண்டி வண்டல்

"என் மண்ணுக்கு நன்றியே இல்ல, தாயே" என்றார் மாசிலாமணி.

அவருக்கு வயது அறுபத்திரண்டு. நந்தவனத்தில் களை பிடுங்கிக்கொண்டிருந்த பெண் துறவி உமையாளுக்கு முப்பத்தாறு. பதினோரு வருடமாக மாசிலாமணி அவருக்குச் சீடர்.

"அதுக்கு என்ன செஞ்சீங்க?"

"இருநூத்திப் பதினாறு வண்டி ஏரி வண்டல். ஒண்ணொண்ணா எண்ணிக் கொட்டினேன்."

"எதுக்கு?"

"என் மைத்துனன் வரதப்பன் ஊர் நடுவுல கேட்டான். 'மச்சான் காட்டுக் கடலைச்செடி கோழிக்குஞ்சு உசரந்தான் இருக்கு. அது மண்ணா, செங்கல் பொடியா?'ன்னு. எல்லாரும் சிரிச்சாங்க."

"கோழிக்குஞ்சு உசரத்துல எத்தனை காய்?"

"இருபது. சிலதுல இருபத்திரண்டு."

"இப்போ?"

"செடி முழங்கால் உசரம், தாயே! இலை கருகருன்னு இருக்கு. பிடுங்கினா நாலு காய். நூறு செடி பிடுங்கி எண்ணிட்டேன்."

"நல்லவேளை, நூறோட விட்டீங்க."

மாசிலாமணிக்குச் சிரிப்பு வரவில்லை.

"இன்னைக்குச் சாயங்காலம் வெத்தலை மாத்திக்கிறோம். என் அரை ஏக்கர் அவனுக்கு. அவனோட கால் ஏக்கர் கரிசல் எனக்கு. எனக்கு இருக்கிறது அந்த நிலம் ஒண்ணுதான். கொடுத்துடலாமா?"

"ஒண்ணுக்கும் ஆகாத மண்ணை அவர் ஏன் கேக்கிறார்?"

"என்மேல இரக்கம்."

உமையாள் எழுந்து கையைக் கழுவி, களை அரிவாளை எடுத்துக்கொண்டார்.

மாசிலாமணியின் கடலைக்காட்டுக்கு வந்ததும் செடிகளுக்கு நடுவே குப்புறப் படுத்தார்.

"நீங்களும் படுங்க."

"போறவங்க வர்றவங்க பார்ப்பாங்களே, தாயே."

"வண்டல் கொட்டினதும் அவங்களுக்காகத்தானே."

மாசிலாமணி படுத்தார். நாற்பது வருடம் கடலை போட்டவர், செடியை அடியிலிருந்து பார்ப்பது இதுதான் முதல் தடவை.

பூ உதிர்ந்த இடங்களிலிருந்து ஊசி ஊசியாக விழுதுகள் இறங்கியிருந்தன. மண்ணுக்குள் போனால்தான் அவை காயாகும். எண்ணினார். பத்தொன்பது. உள்ளே போயிருந்தவை மூன்று. மற்ற பதினாறும் இறுகிக் காய்ந்த வண்டலில் முட்டி, நுனி கருகி நின்றன.

"உழுது கலக்கலையா?"

"கறுப்பு கீழ போயி, யார் கண்ணுக்கும் தெரியாம ஆயிடுமேன்னு..."



உமையாள் அரிவாள் முனையால் நெம்பினார். வண்டல் ஓடு மாதிரிப் பெயர்ந்து வந்தது. அடியில் செம்மண். மாசிலாமணியின் ஆள்காட்டி விரலைப் பிடித்து அதில் வைத்தார்.

அழுத்தவே வேண்டியிருக்கவில்லை. விரல் அடிவரை இறங்கியது.

அவர் விரலை எடுக்காமல் கிடந்தார்.

"என்ன மச்சான், தரையில நீச்சலா?" வரப்பில் வரதப்பன் நின்றான், கையில் வெற்றிலைத் தட்டோடு. "எழுந்து வாங்க. நல்ல நேரம் போகுது."

மாசிலாமணி எழுந்தார். வேட்டியைத் தட்டவில்லை.

"வண்டி இருக்கா, மாப்பிள்ளை?"

"இருக்கு. எதுக்கு?"

"இந்த வண்டலை அள்ளிக்கிட்டுப் போ. உன் பருத்திக்கு ஆகும்."

"அப்போ நிலம்?"

மாசிலாமணி ஒரு பிடி செம்மண்ணை அள்ளினார். விரலிடுக்கில் அது பொலபொலவென்று உதிர்ந்தது.

"இதுக்கு ஈடா வைக்க உன்கிட்ட ஒண்ணும் இல்ல, மாப்பிள்ளை."