மூஞ்சி வச்ச டமாரக்காரன்

கண்ணை மூடிக்கோ. மூடினாத்தான் கதை. நடுவுல "ம்" போடணும். ம் நின்னுச்சுன்னா நீ தூங்கிட்டேன்னு நானும் நிறுத்திடுவேன், அப்புறம் காலையில வந்து என்னாச்சுன்னு என் உயிரை வாங்கக் கூடாது. சரியா?

ஒரு ஊர்ல ஒரு ஈயப்பொம்மைக்காரி இருந்தாளாம். பேரு ஞானப்பூ. கடலோரத்து ஊரு. கரையில ஒரு இடிஞ்ச கோட்டை. இருநூத்தம்பது வருஷத்துக்கு முந்தி அந்தக் கோட்டைக்காக வெள்ளைக்காரங்களும் நவாபு ஆளுங்களும் அடிச்சுக்கிட்டாங்க இல்லையா, அந்தப் பட்டாளத்தைத்தான் இவ விரல் உசரத்துக்கு வார்ப்பா. மூணு முனைத் தொப்பி வச்சவன், முண்டாசு கட்டின சிப்பாய், குதிரைக்காரன், பீரங்கிக்காரன் எல்லாம் உண்டு. ம் போடு.

எப்படி வார்ப்பா தெரியுமா? மாக்கல்லுல ரெண்டு பாதியா அச்சு செதுக்குவா. உள்ள முகப்பவுடர் தூவுவா, அப்பத்தான் ஈயம் மூலை முடுக்கெல்லாம் ஓடும். ரெண்டு பாதியையும் சேர்த்து இறுக்கிக் கட்டி, உருகின ஈயத்தைக் கரண்டியில மொண்டு ஊத்துவா. ஸ்ஸ்ஸ்... அப்புறம் பத்து வரைக்கும் எண்ணிட்டு அச்சைப் பிரிச்சா, டிங்! ஒரு சிப்பாய் வந்து விழுவான். அவனை அரத்தால தேச்சு, சாயம் பூசி, அலமாரியில நிறுத்திடுவா. வார்த்தது, வாங்கினது, ஆட்டத்துல ஜெயிச்சதுன்னு அவகிட்ட ஆயிரத்துக்கு மேல இருந்துச்சு. ஆனா ஆசை அடங்குமா? இன்னும் ஒண்ணு, இன்னும் ஒண்ணுன்னு கிடந்தா.

ஆட்டம் ஞாயித்துக்கிழமை மத்தியானம் நடக்கும். ரெண்டு மேசையைச் சேர்த்துப் போட்டு பச்சைத் துணி விரிச்சு, கோணிச்சாக்குல மலை வச்சு, பழைய நீலப் புடவையைக் கிழிச்சு ஆறு விட்டு, ரெண்டு பக்கமும் பட்டாளத்தை நிறுத்திப் பகடை உருட்டுவாங்க. விழுற எண்ணுக்குத் தக்கன பொம்மை நகரும், பீரங்கி சுடும். அதுக்கு மூணு சட்டம் உண்டு. இதை நல்லா கேட்டுக்கோ, அப்புறம் புரியலைன்னு சொல்லாதே.

குண்டு பட்டு விழுந்த பொம்மை எதிராளி பெட்டிக்குப் போயிடும், திரும்ப வராது. பாதியில ஆட்டமே வேணாம்னு விட்டா, உன் பொம்மை மொத்தமும் எதிராளிக்கு. மூணாவது, பட்டாளம் பயந்து ஓடலாம். "ஓட்டம்"னு சொல்லிட்டா ஒரே மூச்சுல உன் பக்கத்து மேசை ஓரத்தைத் தாண்டிடலாம், தாண்டின பொம்மையை எவனும் தொடக்கூடாது. ஆனா ஓடினவங்க தோத்தவங்க. கொடியைக் குடுத்துட்டு, வாசல்ல நின்னு ஊரே கேக்கற மாதிரி "நான் ஓடிட்டேன்"னு மூணு தடவை சொல்லணும்.

ஞானப்பூ சொன்னதே இல்லை. பன்னெண்டு வருஷமா ஒரு தடவைகூடச் சொன்னதில்லை. "என் பட்டாளம் முதுகு காட்டாது"ன்னு மார் தட்டுவா.

அவளுக்கு ஒரு தங்கச்சி, பிலோமி. கொடி தைக்கிறது இவதான். தங்கமான பொண்ணு, ஆனா சரியான பயந்தாங்கொள்ளி. இடி இடிச்சா ஓடுவா. மாடு முட்ட வந்தா ஓடுவா. மாடு முட்ட வரலைன்னாலும் ஓடுவா. "அக்கா, நான் ஓடிடட்டுமா?"ன்னு கேட்டுக்கிட்டே பாதி தெரு தாண்டியிருப்பா. ஞானப்பூ அவளைக் கேலி பண்ணாத நாளே கிடையாது. ஆனா உசுரு பூரா அவ மேலதான், அம்மா அப்பா இல்லாத வீடு பாரு.

இப்போ, பொம்மை வார்க்கிறவங்களுக்குள்ள ஒரு வழக்கம் உண்டு. பொம்மைக்கு மூஞ்சி செதுக்கக் கூடாது. மூக்குக்கு ஒரு மேடு வச்சுட்டு வழவழன்னு விட்டுடணும். தெரிஞ்சவங்க மூஞ்சியை மட்டும் வைக்கவே கூடாது. ஏன்னு யாரும் சொன்னதில்லை. சொல்லாத விஷயத்தை ஞானப்பூ கேக்கவா போறா?

ஒரு நாள் அவளுக்கு டமாரக்காரன் பொம்மை வேண்டியிருந்துச்சு. பட்டாளத்துக்கு முன்னால நின்னு டமாரம் தட்டுறவன், மீசை முளைக்காத பையன். எதிர்ல உக்காந்து பிலோமி கொடி தைச்சுக்கிட்டிருந்தா. இடது கன்னத்துல குழி, முன்பல்லுல ஒரு சின்ன உடைசல். ஞானப்பூ கை சும்மா இருக்கல. அச்சுல எல்லாம் இடம் வலம் மாறி விழும் இல்லையா, அதுக்குத் தக்கன குழியை மாத்திச் செதுக்கி ஊத்தினா. ஸ்ஸ்ஸ்... டிங்! பிரிச்சுப் பார்த்தா, சாட்சாத் பிலோமி. அரிசி அளவு மூஞ்சியில அதே குழி, அதே பல்லு.

"ஐயோ அக்கா, வேணாம், எனக்கு என்னமோ பண்ணுது"ன்னா பிலோமி.

"போடி பயந்தாங்கொள்ளி"ன்னா இவ.

ம்... கேக்கறியா? கையை உள்ள வச்சுக்கோ, போர்வையை நான் இழுத்து விடறேன்.

அப்புறம் மூணாம் நாள் வாசல்ல சத்தம். டொக். டொக். டொக். கதவைத் திறந்தா, நெட்டையா ஒருத்தன் நிக்கறான். அந்த வேகாத வெயில்ல கையில உறை மாட்டியிருக்கான். தோள்ல ஒரு கறுப்புப் பெட்டி. அவன் மேல பழைய ஈய வாடை அடிச்சுது.

"நான் பொம்மை சேகரிக்கிறவன்மா. உங்க பட்டாளத்தைப் பார்க்கணும்"னான்.

ஆயிரம் பொம்மை வரிசையா நிக்குது, ஒண்ணையும் அவன் பார்க்கல. நேரா போய் டமாரக்காரனை எடுத்தான். காதுகிட்ட வச்சான். கண்ணை மூடிக்கிட்டுக் கேட்டான்.

"மூச்சு விடுது"ன்னான்.

ஞானப்பூ பொம்மையை அவன் கையிலேருந்து பிடுங்கி அலமாரியில வச்சா. ஆனா அவன் அடுத்ததா, "ஞாயித்துக்கிழமை ஆடலாமா? இல்ல... தோத்துருவோம்னு பயமா இருக்கா?"ன்னு கேட்டான் பாரு. பயமாங்கிற வார்த்தை போதும் அவளுக்கு. "பயமா? எனக்கா? வாங்க, பார்த்துருவோம்"னுட்டா. வீம்பு!

ஞாயித்துக்கிழமை வந்துச்சு. மத்தியானம். தெருவுல ஒரு காக்கா கத்தல. பிலோமி உள் ரூம்ல தைச்சுக்கிட்டிருக்கா. இவ பட்டாளத்தை நிறுத்தி, டமாரக்காரனை முன்னாடி வச்சா. அவன் கறுப்புப் பெட்டியைத் திறந்தான். கிரீச்...

ஒவ்வொண்ணா எடுத்து வைக்கிறான். ஒவ்வொண்ணுக்கும் மூஞ்சி இருக்கு. ஒண்ணு கண்ணாடி போட்ட வாத்தியார். ஒண்ணு பல்லு போன கிழவர். ஒண்ணு நெத்தியில தழும்பு உள்ள ஆளு. அதை ஞானப்பூ குனிஞ்சு உத்துப் பார்த்தா. பக்கத்து ஊர் எண்ணெய்க்காரன் தாவீது. ஆறு வருஷத்துக்கு முன்னால திடீர்னு காணாம போனவன். அந்தப் பொம்மைங்க கண்ணெல்லாம் ஈரமா மினுமினுக்குது.

"ஐயா, இன்னிக்கு வேணாம்"னா இவ.

"பாதியில விட்டா மொத்தமும் எனக்கு. பொம்மையை நிறுத்தியாச்சு, ஆட்டம் ஆரம்பிச்சாச்சு. சட்டம் உங்க ஊரு சட்டம்தானேம்மா"ன்னான்.

அவன் பகடையை உருட்டினான். கடகடகட... டொம்! பீரங்கிக் குண்டு டமாரக்காரன் கையை உரசிக்கிட்டுப் போச்சு. டமாரக்குச்சி ஒடிஞ்சு விழுந்துச்சு. அதே நிமிஷம் உள்ள இருந்து குரல்.

"அக்கா! என் கை மரத்துப் போச்சுக்கா! ஊசியைப் பிடிக்க முடியல!"

ஞானப்பூ ஓடிப் போய்ப் பார்க்கறா. பிலோமி வலது கை சாம்பல் நிறத்துல கிடக்கு. தொட்டா சில்லுன்னு இருக்கு. ஈயம் மாதிரி.

திரும்பி வந்து பகடையை உருட்டினா. கைக்கு வந்தபடி உருட்டினா. குண்டு எவன் மேலயும் படல, அவன் சிரிச்சான். அப்புறம் ரெண்டாவது தடவை அவன் உருட்டினான். கடகடகட... டொம்! குண்டு டமாரக்காரன் காலடியில வந்து வெடிச்சுது.

"அக்கா! காலைத் தூக்க முடியலக்கா! தரையோட ஒட்டிக்கிச்சு!"

அப்பதான் அவளுக்கு முழுசா புரிஞ்சுது. மூணாவது குண்டு நேரா நெஞ்சுல. டமாரக்காரன் விழுவான். அந்தக் கறுப்புப் பெட்டி மூடும். உள் ரூம்ல ஊசியும் கொடியும் மட்டும் கிடக்கும். தாவீதோட பொண்டாட்டி ஆறு வருஷமா வாசலைப் பார்த்துக்கிட்டு உக்காந்திருக்கா இல்லையா, நாளைக்கு அது மாதிரி இவளும் உக்காரணும்.

இப்போ இவ முறை. மேசையைப் பார்க்கறா. அவன் கொடி ஒரு சாண் தூரத்துல நிக்குது. அஞ்சோ ஆறோ விழுந்தா பாய்ஞ்சு எடுத்துடலாம். எடுத்துட்டா ஆட்டம் முடிஞ்சுது, இவதான் ஜெயிச்சவ. விழலைன்னா பீரங்கி. பன்னெண்டு வருஷமா இப்படிப்பட்ட நேரத்துல அவ யோசிச்சதே கிடையாது. கை தானா பகடையை எடுத்துச்சு. உள்ளங்கையில குலுக்கறா, கடகட, கடகட. எதிர்ல அவன் உறை மாட்டின விரலால பீரங்கியை மெதுவா டமாரக்காரன் பக்கம் திருப்பறான். உதட்டை நக்கிக்கறான்.

அப்போ உள்ள இருந்து ஒரு சின்ன குரல். இடி இடிக்கிறப்ப கேக்குமே, அதே குரல்.

"அக்கா... நான் ஓடிடட்டுமா?"

ஞானப்பூ குலுக்கறதை நிறுத்தினா. எத்தனை தடவை கேட்டிருப்பா அந்தப் பொண்ணு. எத்தனை தடவை இவ சிரிச்சிருப்பா.

பகடையைக் கீழ வச்சா.

"ஓடுடி!"ன்னு கத்தினா. "ஓட்டம்! என் பட்டாளம் ஓடுது! எல்லாரும் ஓடுங்க!"

மேசையை ரெண்டு விரலால தட்டினா. டடக் டடக் டடக். அதுதான் பின்வாங்குற கொட்டு, அந்த வீட்டுல அதுவரைக்கும் யாரும் தட்டாதது. முதல்ல டமாரக்காரனை எடுத்து ஓரத்தைத் தாண்டி மடியில போட்டுக்கிட்டா. அப்புறம் தொப்பிக்காரன், சிப்பாய், குதிரைன்னு வாரி வாரிப் போட்டுக்கிட்டா.

நெட்டையன் எழுந்துட்டான். மூஞ்சி கன்னங்கரேல்னு ஆயிடுச்சு. "ஞானப்பூ பட்டாளம் ஓடுமா? பன்னெண்டு வருஷப் பேரு போயிடும்மா! உருட்டு! ஆறு விழும், நான் சொல்றேன், உருட்டு!"ன்னு கெஞ்சறான்.

"போகட்டும். நான் ஓடிட்டேன்"னா. கொடியை அவன் மேல விட்டெறிஞ்சா. வாசல்ல போய் நின்னா, தெருவெல்லாம் எட்டிப் பார்க்குது. "நான் ஓடிட்டேன்! நான் ஓடிட்டேன்! நான் ஓடிட்டேன்!" கண்ணுல தண்ணி கொட்டுது, ஆனா குரல் நடுங்கல.

மூணாவது தடவை சொல்லி வாயை மூடல, உள்ள தட தட தடன்னு சத்தம். பிலோமி! புழக்கடை வழியா ஓடுறா, வேலியைத் தாண்டி, கிணத்தைத் தாண்டி ஓடுறா. அவ ஓடுறதைப் பார்த்து ஞானப்பூ சந்தோஷப்பட்டது அன்னிக்குத்தான் முதல் தடவை.

நெட்டையன் தன் பொம்மைகளை வாரிப் பெட்டியில போட்டு மூடினான். டப்! தோள்ல வச்சுக்கிட்டு நடந்தான். ஆனா பெட்டிக்குள்ள இருந்து ஒரு சத்தம். டடக்... டடக்... டடக்... இவ தட்டின அதே கொட்டு. அதுங்களும் கேட்டுக்கிட்டுத்தானே இருந்துச்சுங்க. அவன் பெட்டியைக் குலுக்கினான், அடிச்சான், நிக்கல. அப்படியே கோட்டைப் பக்கம் போயிட்டான்.

மறுநாள் காலையில பக்கத்து ஊர்ல தாவீது தன் வீட்டு வாசல்ல வந்து நின்னானாம். மூச்சு வாங்க, வேர்த்து விறுவிறுத்து, மேலெல்லாம் ஈய வாடை. "எங்கய்யா போனே?"ன்னு கேட்டா, "தெரியல, ஓடி வந்தேன்"னானாம். அடுத்த வாரம் வாத்தியார் வந்தார். கிழவர் இன்னும் வரல. வயசானவர், மெதுவாத்தானே ஓடுவார்.

ஞானப்பூ அந்த மாக்கல் அச்சுல மூஞ்சி இருந்த இடத்தைத் தேச்சு வழவழன்னு ஆக்கிட்டா. டமாரக்காரனை மட்டும் உருக்கல. எப்படி உருக்குவா? பஞ்சுல சுத்தி அரிசிப் பானையில வச்சுட்டா. இன்னிக்கும் தெருவுல யாராவது "உன் பட்டாளம் ஓடிப்போச்சாமே"ன்னு சிரிச்சா, "ஆமா, நல்லா ஓடுச்சு"ம்பா. பிலோமியோட வலது கை சுண்டுவிரல் மட்டும் இன்னும் சில்லுன்னுதான் இருக்கு. இடி இடிக்கிறப்ப ரெண்டு பேரும் அந்தக் கையைப் பிடிச்சுக்கிட்டு சேர்ந்தே ஓடுறாங்க.

என்ன, ம் காணோம்? முழிச்சுக்கிட்டுத்தான் இருக்கியா? கையைக் குடு பார்க்கலாம்... சூடாத்தான் இருக்கு. கதை ஓரத்தைத் தாண்டியாச்சு, இனி அதை யாரும் தொட முடியாது. நீயும் தாண்டு. தூங்கு.