தோற்றவரின் நன்றி அறிவிப்பு

ஆலங்கரைத் தொகுதியில் நல்லசிவம் தோற்றார். சாதாரணத் தோல்வி இல்லை, மண்ணைக் கவ்விய தோல்வி. டெபாசிட்டும் போயிற்று.

வாழ்நாளெல்லாம் பொருளாதாரம் படித்தவர், பாடம் நடத்தியவர். வறுமையைப் பற்றி அவர் எழுதியதை வெளிநாட்டுக்காரர்கள் மேற்கோள் காட்டுவார்கள். ‘ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது’ என்று யாரோ சொல்லிவிட, ரோஷம் வந்து வேலையை விட்டார். தையல் மிஷின் சின்னத்தில் சுயேச்சையாக நின்றார். மேடையில் அவர் ‘தனிநபர் வருமானம்’ என்று ஆரம்பித்தால் பாதிக் கூட்டம் டீ குடிக்கப் போய்விடும்.

முடிவு வந்த மறுநாள் காலையில் தன் குரு தவமணியின் வீட்டுக்குப் போனார். தவமணிதான் அவருக்கு ஆராய்ச்சி கற்றுக்கொடுத்தவர். பேராசிரியராக இருந்து, தேர்தலில் நின்று மந்திரியாகி, பிறகு ஏழை நாடுகளுக்கு உதவும் உலக அமைப்பு ஒன்றுக்கே தலைவராக இருந்துவிட்டு வந்தவர். சீடரைவிட ஆறேழு வயதுதான் மூத்தவர். நரை என்னவோ சீடருக்குத்தான் அதிகம்.

“மேடம், உங்க பழைய அமைப்புல எனக்கு ஒரு வேலை வேணும். நீங்க ஒரு போன் பண்ணினாப் போதும்.”

“இங்கே என்ன ஆச்சு?”

“இந்த ஜனங்களுக்கு நல்லது சொன்னா ஏறாது. வேற எங்கேயாவது இருக்கற ஏழைங்களுக்கு உழைச்சுட்டுப் போறேன்.”

தவமணி மூக்குக் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டார்.

“நன்றி அறிவிப்பு முடிஞ்சுதா?”

“அது ஜெயிச்சவங்க செய்யறது மேடம்.”

“அப்படி எங்கேயும் சட்டம் இல்லையே. வா, நானும் வர்றேன். முடிச்சுட்டு வந்து போன் பண்றேன்.”

நல்லசிவத்துக்கு அழுகையே வந்துவிட்டது. ஏற்கெனவே வெந்த புண், அதில் இந்த அம்மாள் வேல் வேறு பாய்ச்சுகிறாளே என்று நினைத்தார். ஆனால் குரு சொன்னதைத் தட்டிப் பழக்கமில்லை.

பிரசாரத்துக்கு வந்த அதே மைக் ஆட்டோதான் கிடைத்தது. டிரைவர் பின்னால் திரும்பி, “என்னன்னு சார் அறிவிக்கறது?” என்று கேட்டான். அவனுக்கே சங்கடம். நல்லசிவம் மைக்கைத் தானே வாங்கிக்கொண்டார்.

“ஆலங்கரை வாக்காளப் பெருமக்களுக்கு... நன்றி.”

பஜாரில் எதிரே ஜெயித்தவரின் ஜீப் வந்தது. மேளம், மாலை, பட்டாசுப் புகை. “தோத்தவரும் நன்றி சொல்றாருடோய்!” என்று ஒருவன் கத்த, ஊரே சிரித்தது. ஜெயித்தவருக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. அவசரமாகக் கும்பிட்டு வைத்தார். தவமணி அலட்டிக்கொள்ளாமல் பதிலுக்குக் கும்பிட்டார்.

டீக்கடைக்காரர் மட்டும் கடையை விட்டு இறங்கி வந்தார். மனசாட்சி உள்ள மனிதர்.

“சார், நான் உங்களுக்குப் போடலையே. எனக்கு எதுக்கு நன்றி?”

நல்லசிவம் குருவைப் பார்த்தார். குரு தெருவை வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். இனி நல்லசிவமே சமாளித்தால்தான் உண்டு.

“நான் பேசினப்போ நீங்க கடைசி வரைக்கும் நின்னு கேட்டீங்க. பார்த்தேன்.”

“கேட்டேன் சார். ஆனா ஒரு எழவும் புரியலை.”

“புரியாமலும் நின்னீங்களே. அதுக்குத்தாங்க.”

கடைக்காரர் சிரித்துவிட்டார். நல்லசிவமும் சிரித்தார். தேர்தல் அறிவித்த நாளிலிருந்து அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை. டீ வந்தது, இஞ்சி தட்டிப் போட்ட டீ. இவ்வளவு நல்ல டீ விற்கிற தெருவில் கூட்டம் கலைந்தது நியாயம்தான் என்று அவருக்குத் தோன்றியது.

நெசவாளர் தெருவில் ஆட்டோ திரும்பும்போது ஒரு பெண் ஆரத்தித் தட்டோடு ஓடிவந்தாள்.

“நிறுத்துங்க! நிறுத்துங்க!”

“அம்மா, ஜெயிச்சவரு பஜார்ல வந்துக்கிட்டிருக்காரு. இது தோத்த வண்டி” என்றார் நல்லசிவம்.

“தெரியும் சார். நான் தையல் மிஷினுக்குத்தான் போட்டேன். எங்க வீட்டுக்காரருக்குக்கூடத் தெரியாது. மைக்ல உங்க குரல் கேட்டுச்சு, உடனே கரைச்சுட்டேன். கொஞ்சம் குனிங்க.”

தட்டைச் சுற்றி, அவர் நெற்றியில் பொட்டு வைத்தாள்.

“அடுத்த தடவையும் நிப்பீங்கல்ல?”

தனக்கு விழுந்த ஓட்டுகளை நல்லசிவம் அதுவரை ஓட்டாகவே நினைக்கவில்லை. எத்தனை குறைந்தது என்பதைத்தான் நேற்றிலிருந்து நினைத்து நினைத்துப் புழுங்கிக்கொண்டிருந்தார். இந்தப் பெண்ணின் பெயர்கூட அவருக்குத் தெரியாது. ஆட்டோவை விட்டு இறங்கிக் கைகூப்பினார். மைக் இல்லாமல்தான் நன்றி சொன்னார், அதுவும் பாதியில் உடைந்துபோயிற்று. நன்றி என்பது இப்படித் தொண்டையில் வந்து நிற்கிற சாமான் என்று அன்றுதான் அவருக்குத் தெரிந்தது.

அதற்குப் பிறகு அவர் ஆட்டோவில் ஏறவில்லை. மிச்சத் தெருக்களை நடந்தே முடித்தார். தவமணியும் கூடவே நடந்தார்.

வீடு திரும்பியதும் தவமணி செருப்பைக்கூடக் கழற்றாமல் போனைக் கையில் எடுத்தார்.

“சொன்னபடி செஞ்சுட்டே. எந்த நாட்டுக்குப் போகணும்?”

நல்லசிவம் பதிலுக்கு ஒரு கேள்வி கேட்டார்.

“மேடம், நீங்க அத்தனை நாட்டுக்குப் போனீங்களே. அங்கே இருந்த ஜனங்க உங்களை ஏத்துக்கிட்டாங்களா?”

“எனக்கெப்படிப்பா தெரியும்? பிடிக்கலைன்னா என்னைத் தோற்கடிக்க அங்கே யாருக்கும் ஓட்டு இல்லையே. அதனால உள்ளே விட்டதுக்கு முதல்ல நன்றி சொல்லுவேன், அப்புறம்தான் எந்த வீட்டுலயும் உட்காருவேன். சரி, நம்பரைப் போடட்டுமா?”