அப்பளம் சொன்ன சாட்சி

மஞ்சனூரில் ஒரு கொட்டைப்பாக்கு ஏழு நாளாக ஒரு ராஜாவை அவமானப்படுத்திக்கொண்டிருந்தது.

ராஜாவின் பெயர் கொண்டல்ராயர். ஒல்லாந்து தேசத்து வியாபாரி ஒருவன் அவருக்கு ஒரு காற்றுத் துப்பாக்கியைக் காணிக்கையாகக் கொடுத்திருந்தான். வெடிமருந்து கிடையாது, புகை கிடையாது. உள்ளே இருக்கும் சுருள்வில்லை நெம்பி இறுக்கி, விசையைத் தட்டினால், காற்று பிதுங்கி ஈயக்குண்டைத் தள்ளும். ராஜாவுக்குப் பித்துப் பிடித்துவிட்டது. அரண்மனைத் தோட்டத்தில் முப்பது அடி தூரத்தில் ஒரு பாக்கை நூலில் கட்டித் தொங்கவிட்டுச் சுட ஆரம்பித்தார்.

தயிர்ப்பானை உடைந்தது. பேரிகை கிழிந்தது. பட்டத்து யானையின் மணி ஒருமுறை கணீரென்றது. பாக்கு மட்டும் அசையவில்லை.

"பிடி போதாது மகாராஜா! புலியோட கழுத்தைப் பிடிக்கிற மாதிரி இறுக்கிப் பிடிங்க!" என்றார் தளபதி மல்லப்பர். ராஜா பல்லைக் கடித்துக்கொண்டு பிடித்தார். அடுத்த குண்டு மல்லப்பரின் தலைப்பாகையை எடுத்துக்கொண்டு போனது.

மல்லப்பர் வெளிறிப்போய், "பழுது பார்க்குற ஆசாரிதான் கெடுத்துட்டான்!" என்று கத்தினார். ஆசாரியின் இடத்தில் தன் மருமகனை உட்கார வைக்க வேண்டும் என்று அவருக்கு வெகுநாள் ஆசை.

பாவம், ஆயுதசாலை ஆசாரி முத்துக்கருப்பன் அந்தத் துப்பாக்கியைக் குழந்தையைப் போலப் பார்த்துக்கொண்டவர். சுருள்வில்லுக்குக் கொழுப்புத் தடவினார். உள்ளே காற்றை அடைக்கும் தோல்வளையத்தை எண்ணெயில் ஊறப்போட்டு மாற்றினார். மணல்மூட்டைமேல் வைத்துத் தானே சுட்டும் பார்த்தார். பத்துக்குப் பத்து பாக்கு சிதறியது. பழுது எங்கே என்று அவருக்குத் தெரியும். அதை வாயால் சொல்லத்தான் முடியாது.

"நாளைக்குக் காலையில விசாரணை. ஆசாரி மேல தப்புன்னா கட்டைவிரலை எடுத்துடுவேன்" என்று ராஜா சொல்லிவிட்டார்.

கட்டைவிரல் போனால் ஆசாரி அரம் பிடிப்பது எப்படி? தன் விரலைத் தானே தடவிக்கொண்டு, நேரே விகடர் பலவேசத்தின் வீட்டுக்கு ஓடினார். சபையில் ராஜாவைச் சிரிக்க வைப்பது பலவேசத்தின் உத்தியோகம்.

"ஐயா, குண்டு குழலை விட்டுப் போறதுக்கு முன்னாடியே துப்பாக்கி உள்ளுக்குள்ள ஒரு குலுங்கு குலுங்கும். லேசாத் தாங்கினா எப்பவும் ஒரே மாதிரி குலுங்கும், குறி தப்பாது. இறுக்கிப் பிடிச்சா ஒவ்வொரு தடவையும் ஒவ்வொரு பக்கம் உதைக்கும். இதை மகாராஜாகிட்ட யாரு சொல்றது?"

"நீ சொன்னா விரல் போகும். நான் சொன்னா தலை போகும்" என்றார் பலவேசம். பிறகு அடுக்களைப் பக்கம் பார்த்தார். "அப்பளம் சொல்லட்டுமே!"

ஆசாரிக்கு அழுகைதான் வந்தது. உயிர் போகிற நேரத்தில் இவருக்குச் சாப்பாட்டு நினைப்பு!

மறுநாள் தோட்டத்தில் சபை கூடியது. பலவேசம் ஒரு கூடை பொரித்த அப்பளத்தோடு வந்து நின்றார்.

"மகாராஜா, குற்றவாளி யாரா இருந்தாலும் கட்டைவிரலை எடுப்பீங்களா?"

"யாரா இருந்தாலும்! இது என் வாக்கு!"

பலவேசம் சாவகாசமாகச் சொன்னார்: "அப்படின்னா இடது உள்ளங்கையில ஒரு அப்பளத்தை வச்சு, அதுமேல துப்பாக்கியைத் தாங்கிச் சுடுங்க. சுடும்போது அப்பளம் நொறுங்கினா துப்பாக்கி மேல தப்பு. முழுசா இருந்தும் குறி தப்பினா ஆசாரி மேல தப்பு."

ராஜா அப்பளத்தை வைத்து, வழக்கம்போலத் துப்பாக்கியை இறுக்கிப் பிடித்தார். விசையைத் தொடும் முன்பே நொறுங்கியது.

"அப்பளம் பழசு" என்றார் பலவேசம். இன்னொன்று வைத்தார்கள். அதுவும் நொறுங்கியது. மூன்றாவதும் அப்படியே. சபையில் எல்லோரும் மாமரத்தில் காய் எண்ணத் தொடங்கினார்கள்.

ராஜாவுக்கு ரோஷம் வந்துவிட்டது. நாடாளும் கைக்கு ஓர் அப்பளத்தைத் தாங்கத் தெரியாதா? நான்காவது அப்பளத்தின்மேல், தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவது போலத் துப்பாக்கியைக் கிடத்தினார். மூச்சை அடக்கினார். விசையைத் தட்டினார்.

பாக்கு தூள் தூளாகச் சிதறியது! அப்பளம் கையில் முழுசாக இருந்தது.

அதே அப்பளத்தில் இன்னும் இரண்டு சுட்டார். இன்னும் இரண்டு பாக்கு போனது. ஆசாரி தன்னை மறந்து கைதட்டிவிட்டார்.

ராஜா ஒன்றும் மூடர் அல்ல. காலடியில் கிடந்த அப்பளத் தூளைப் பார்த்தார். தன் இடது கையைப் பார்த்தார். மல்லப்பரையும் ஒரு பார்வை பார்த்தார். முகம் சிவந்தது.

"துப்பாக்கி மேல தப்பில்ல. ஆசாரி மேலயும் தப்பில்ல" என்று மெதுவாகச் சொன்னார். "நான் வாக்குக் கொடுத்திருக்கேன், பலவேசம். கட்டைவிரலை எடுத்தாகணும். யாரு விரலை?"

இப்போது போகப்போவது பலவேசத்தின் தலையேதான் என்று நினைத்தார் ஆசாரி.

பலவேசம் இடுப்பிலிருந்து ஓர் ஓலையை எடுத்துப் பணிவாக நீட்டினார். "ஆணையை எழுதிக் கொண்டுவந்துட்டேன் மகாராஜா. ராஜமுத்திரை விழாம எந்த ஆணையும் இந்த ஊர்ல செல்லாது. முத்திரை மோதிரமோ அப்பளத்தை நொறுக்கின உங்க இடது கட்டைவிரல்லதான் இருக்கு. முத்திரை வைக்காம அந்த விரலை வெட்ட முடியாது. வெட்டின பிறகு முத்திரை வைக்க அந்த விரல் இருக்காது. எதை முதல்ல செய்யணும்னு மகாராஜாவே சொல்லிட்டீங்கன்னா, நான் வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவேன்."

கொண்டல்ராயர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த சிரிப்பில், பட்டத்து யானையே திரும்பிப் பார்த்தது.

ஆசாரியின் கட்டைவிரலுக்கு அன்றே ஒரு தங்க மோதிரம் கிடைத்தது. பலவேசத்துக்கு அரண்மனையில் விருந்து. மல்லப்பருக்கும் புது உத்தியோகம் ஒன்று கிடைத்தது. தினமும் காலையில் ராஜா சுடும்போது, புலிப்பிடி எதுவும் பிடிக்காமல், அப்பளக் கூடையைத் தாங்கிக்கொண்டு நிற்க வேண்டும். ஓர் அப்பளம்கூட உடையக்கூடாது.