ஆள் ஏறாத பக்கம்

மலைக்கு ஏறும் சாலை தொடங்குகிற இடத்தில், ஜீப்புகளை உயர்த்திக் கொடுக்கும் பட்டறை ஒன்று இருந்தது. அதன் சுவரில் முன்பக்க ஸ்பிரிங்குகள் ஜோடி ஜோடியாக ஆணியில் தொங்கின. மெலிந்தவை, நடுத்தரமானவை, கட்டைவிரல் பருமன் கம்பியைச் சுருட்டிச் செய்தவை என்று பல வகை.

பட்டறைக்காரர் மீரான் ஒரு கேள்வி கேட்காமல் எந்த ஸ்பிரிங்கையும் ஆணியிலிருந்து எடுக்கமாட்டார்.

“முன்னால என்ன எடை வரும்?”

வருகிறவர்கள் பெரும்பாலும் தப்பாகத்தான் பதில் சொன்னார்கள். வாங்கப்போகிற இரும்பு பம்பரை வாங்கியாயிற்று என்றார்கள். சேற்றில் மாட்டினால் வண்டியை இழுக்க, என்றைக்கோ மாட்ட நினைத்திருக்கும் வின்ச்சை இன்றைய எடையில் சேர்த்தார்கள். வண்டியைப் பற்றிக் கேட்டால் மனிதர்கள் ஆசையைப் பற்றிச் சொல்கிறார்கள் என்று ஸ்பிரிங்குகள் தங்களுக்குள் பேசிச் சிரித்துக்கொள்ளும்.

ஒரு நாள் ராசாங்கம் வந்தார். மலைமேல் ஏலத்தோட்டம் வைத்திருப்பவர். ஐம்பது தாண்டியவர், நல்ல கனத்த உடம்பு. பாதைக் கற்கள் ஜீப்பின் அடியில் இடிக்கின்றன, வண்டியை உயர்த்த வேண்டும் என்றார்.

“உயர்த்திரலாம்ணே. முன்னால என்ன எடை வரும்?”

“இரும்பு பம்பர் இருக்கு. வேற ஒண்ணுமில்ல.”

“பக்கத்து சீட்டுல?”

ராசாங்கம் நிமிர்ந்து பார்த்தார். “அதுக்கும் ஸ்பிரிங்குக்கும் என்ன பாய்?”

“இருக்குண்ணே. எப்பவும் ஒத்தையாப் போற ஆளுன்னா இடது பக்கம் மெலிசாப் போட்டு, உங்க பக்கம் கொஞ்சம் உசரம் குடுப்பேன். அப்பத்தான் வண்டி நேரா நிக்கும். பக்கத்துல ஆள் உண்டுன்னா ரெண்டும் ஒண்ணு போல கனமாப் போடணும். ஒத்தையா, ஜோடியா? சொல்லுங்க.”

பட்டறையில் தங்கள் வண்டிக்காக நின்ற இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஆள் இருக்கும்,” என்றார் ராசாங்கம். “எப்பவும் இருக்கும்.”

மீரான் கனமான ஜோடி ஒன்றை இறக்கினார்.

இரண்டும் ஒரே கம்பியில் பிறந்தவை. ஒன்று வலப்பக்கம், ஓட்டுகிறவருக்குக் கீழே போனது. இன்னொன்று இடப்பக்கம் போனது. ஜீப் எழும்பி நின்றது. ராசாங்கம் ஏறி உட்கார்ந்ததும் வலது ஸ்பிரிங் கொஞ்சம் அமிழ்ந்து, “அம்மாடி!” என்றது.

“எப்படி இருக்கிறது?” என்று இடது கேட்டது.

“கனம்தான். ஆனால் நன்றாக இருக்கிறது. எதற்காக வளைத்தார்கள் என்று இப்போதுதான் தெரிகிறது. உனக்கு?”

“இன்னும் ஆள் வரவில்லை. வழியில் ஏறுவார்களாக இருக்கும்.”

இடது ஸ்பிரிங்கின் அருகில் ஒரு ஷாக் அப்சார்பர் இருந்தது. வேறொரு ஜீப்பில் பாதி ஆயுளை முடித்துவிட்டு வந்தது. லேசாக எண்ணெய் கசியும். பேச்சும் கசியும்.

“யாரும் ஏறமாட்டார்கள்,” என்றது அது.

“எப்போதும் இருக்கும் என்று சொன்னாரே?”

“நீ புதிது, அப்பனே. உன் காதில் விழுந்தது பதில் இல்லை. பக்கத்தில் நின்ற இரண்டு பேருக்காகச் சொன்னது.”

அன்றைக்கு வழியில் யாரும் ஏறவில்லை. மறுநாளும் இல்லை. மழை மாதம் வந்தும் இடது ஸ்பிரிங் விறைத்தே நின்றது. அமுக்க ஆள் இல்லாததால் கல்லில் ஏறும்போதெல்லாம் அது உதைத்தது. அதன் சக்கரம் தரையில் பாவாமல் துள்ளியது.

“என்னைப் போட்டுக் குலுக்காதே. எலும்பெல்லாம் நொறுங்குகிறது,” என்று ஷாக் முனகும்.

“வேண்டுமென்றா செய்கிறேன்? ஓர் ஆளைத் தாங்கும் பலத்தை வைத்துக்கொண்டு ஒருவரும் இல்லாமல் நிற்கிறேன். வேறு என்ன செய்ய வரும் எனக்கு?”

ஜீப் எப்போதும் வலப்பக்கம் சாய்ந்து ஓடியது. இடது தோளைத் தூக்கிக்கொண்டு போகும் மனிதனைப் போல இருந்தது அதன் போக்கு. சாலையில் அதற்குச் ‘சாஞ்ச வண்டி’ என்று பெயர் விழுந்தது. தூரத்தில் வரும்போதே, ராசாங்கம் தனியாக வருகிறார் என்று எல்லாருக்கும் தெரிந்துவிடும்.

அது ராசாங்கத்தின் காதுக்கும் வந்தது. ஒரு நாள் காலை திடீரென்று இடப்பக்கம் ஒரு எடை இறங்கியது.

“வந்துவிட்டார்கள்!” என்று கத்தியது இடது ஸ்பிரிங். சுருள் சுருளாக அமிழ்ந்து, முதல்முறையாக மூச்சு விட்டது. வண்டி நேராக நின்றது.

கொஞ்ச தூரம் போனதும் அதற்குச் சந்தேகம் வந்தது. “ஏன் வளைவில் கொஞ்சம்கூட அசையவில்லை? பிரேக் போட்டால் காலை ஊன்றவில்லை. ஒரு வார்த்தை பேசவுமில்லை.”

“கோபமாக இருக்கலாம்,” என்றது வலது.

ஷாக் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தது. “மணல் மூட்டை,” என்றது கடைசியில்.



டீக்கடையில் வண்டி நின்றபோது ஒருவன் உள்ளே எட்டிப் பார்த்தான். “மொதலாளிக்குத் தொணை கெடச்சிருச்சு டோய்! மூட்டைக்கும் ஒரு டீ போடுங்கப்பா!” கடை முழுக்கச் சிரித்தது. ராசாங்கமும் சிரித்தார். அடுத்த வளைவில் வண்டியை நிறுத்தி, மூட்டையைத் தள்ளிவிட்டுப் போனார். இடது ஸ்பிரிங் பழையபடி விறைத்தது.

அந்தச் சாலையில் தினமும் காலையில் ஏலக்காய் பறிக்கும் பெண்கள் நடந்து ஏறுவார்கள். ஜீப்பின் சத்தம் கேட்டதும் மலைப்பக்கமாக ஒதுங்குவார்கள். அவர்களுடைய கால்கள் இடது சக்கரத்துக்கு ஒரு முழம் தள்ளித்தான் இருக்கும்.

“நிறுத்தப்போகிறார்,” என்று இடது ஸ்பிரிங் தினமும் சொல்லும்.

வண்டி தினமும் தாண்டிப் போகும்.

“ஏன் நிற்பதில்லை?” என்று ஒருநாள் அது ஷாக்கிடம் கேட்டது. “சீட் காலி. அவர்கள் நடக்கிறார்கள். இதில் என்ன கஷ்டம்?”

“அவர்கள் கை காட்டினால் ஏற்றலாம் என்று அவர் நினைக்கிறார். அவர் நிறுத்தினால் ஏறலாம் என்று அவர்கள் நினைக்கிறார்கள். என் பழைய ஜீப்பிலும் ஒருவர் இருந்தார். இப்படி நினைத்தே ஓட்டினார், வண்டி காயலான் கடைக்குப் போகும்வரை.”

பெருமழை பெய்து விட்ட ஒரு காலை. குறுகலான வளைவு ஒன்றில், மலைப்பக்கத்து ஓரத்தைத் தண்ணீர் அரித்துக் கொண்டுபோயிருந்தது. இடது முன்சக்கரம் அந்தக் குழிக்கு மேலே அந்தரத்தில் நின்றது. ஸ்பிரிங் எவ்வளவு விறைப்போ அவ்வளவு குறைவாகத்தான் கீழே இறங்கும். சக்கரத்துக்குத் தரை எட்டவில்லை. ராசாங்கம் ஆக்சிலரேட்டரை மிதித்தார். தொங்கிய சக்கரம் காற்றில் வீணாகச் சுற்றியது. வலப்பக்கம் பாரம் கூடி, வண்டி சேற்றில் வழுக்கி, சாலையின் வலது ஓரத்துப் பள்ளத்தைப் பார்த்து ஓர் அடி நகர்ந்தது.

“நான் சரிகிறேன்!” என்றது வலது ஸ்பிரிங். “கீழே நீட்டு! தரையைத் தொடு!”

“முடியவில்லை. மேலே அமுக்க யாரும் இல்லை.”

பெண்கள் வளைவில் வந்தார்கள். முன்னால் வந்தவள் ஒச்சம்மா. பார்த்தவுடனே கூடையை இறக்கி வைத்தாள்.

“மொதலாளி, எறங்கிராதீங்க! ஆடாம இருங்க!”

ராசாங்கம் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அசையாமல் உட்கார்ந்திருந்தார். அவருக்கு என்ன வேண்டும் என்று தெரிந்தது. வாயிலிருந்து வருவதற்குத்தான் நேரம் எடுத்தது. வண்டி இன்னும் ஒரு விரற்கடை நகர்ந்தது.

“யாராச்சும்,” என்றார்.  “யாராச்சும் ஒருத்தர் இந்தப் பக்கம் ஏறி உக்காரணும்.”

“கேட்டீங்களாடி?” என்றாள் ஒச்சம்மா, பின்னால் நின்றவர்களிடம். “மேட்டுக்குப் போறப்பல்லாம் கூப்பிடாத வண்டி, பள்ளத்துக்குப் போறப்பக் கூப்பிடுது.”

“நீ போக்கா. நம்மள்ள நீதான் கனம்.”

“ஏன் சொல்லமாட்ட? எம்புருசன் பட்டினியாக் கெடக்கான், நான் பாரமா இருக்கேன்.” பேசிக்கொண்டே அவள் குழியைத் தாண்டி, கம்பியைப் பிடித்து ஏறிப் பக்கத்து சீட்டில் உட்கார்ந்தாள்.

இடது ஸ்பிரிங் அமிழ்ந்தது.

இது வேறு எடை. ஒரு பக்கமாக உட்கார்ந்து, பிறகு சரிசெய்துகொண்டது. பயத்தில் காலை ஊன்றியது. “அய்யய்யோ, கருப்பா!” என்று சாமியைக் கூப்பிட்டது. ஒவ்வொரு அசைவும் சுருள் சுருளாகக் கீழே இறங்கியது. சக்கரம் குழியின் விளிம்பைத் தொட்டது, கடித்தது. வண்டி ஒரு முறை உறுமிவிட்டுத் திமிறி மேலே ஏறியது.

“எப்படி இருக்கிறது?” என்று வலது கத்தியது.

 இடது அந்த அழுத்தத்தை அனுபவித்துக்கொண்டிருந்தது.

வண்டி உடனே நிற்கவில்லை. தோட்டப் பாதை பிரிகிற இடம்வரை ஒச்சம்மா அப்படியே உட்கார்ந்து வந்தாள். உள்ளங்கையால் சீட்டின் பிளாஸ்டிக் உறையைத் தடவிப் பார்த்தாள்.

“உறையே பிரிக்கல. இந்த சீட்டுல இதுக்கு முன்னாடி ஒருத்தரும் ஒக்காந்ததில்லையா மொதலாளி?”

“இல்ல.”

“வீட்டுல?”

“நான் மட்டுந்தான்.”

அவள் உச்சுக்கொட்டவில்லை, ஆறுதலும் சொல்லவில்லை. “வண்டி குலுங்கவே இல்ல பாருங்க. இத்தனைக்கும் இந்த ரோடு,” என்றாள்.

“ஆமா,” என்றார் ராசாங்கம். அவருக்கும் அது ஆச்சரியமாக இருந்தது.

இறங்கும்போது அவள் திரும்பிப் பார்த்தாள். “தினம் இந்நேரந்தான் வருவோம்.”

அவ்வளவுதான் சொன்னாள். எடை மேலே எழும்பியது.

“நாளைக்கு வருவாள்,” என்றது இடது ஸ்பிரிங். அன்று முழுவதும் அது அதையே சொல்லிக்கொண்டிருந்தது. ஷாக் ஒரு முறைகூட மறுக்கவில்லை. நம்பியதால் இருக்கலாம், இரக்கத்தாலும் இருக்கலாம்.

மறுநாள் காலை ஜீப் மலை ஏறவில்லை. இறங்கியது. மீரானின் பட்டறையில் போய் நின்றது.

வழியெல்லாம் ராசாங்கம் தனக்குள் நியாயம் பேசிக்கொண்டே வந்தார். சக்கரம் தரையில் பாவ வேண்டும். இனியொரு தடவை இப்படி ஆகக்கூடாது. எல்லாம் உண்மைதான். ஆனால் தன்னை நடுங்கவைத்தது பள்ளமா, பக்கத்து சீட்டிலிருந்து வந்த குரலா என்று அவர் தன்னையே கேட்டுக்கொண்டார். வேண்டும் என்று இத்தனை காலம் சொல்லிவந்தது கையெட்டும் தூரத்துக்கு வந்ததும் மனிதன் ஏன் பின்வாங்குகிறான்? அதை யாரிடம் போய்க் கேட்பது?

“ஒத்தைதான் பாய்,” என்றார். இந்த முறை பட்டறையில் வேறு யாரும் இல்லை. “ஒத்தை ஆளுக்குப் போடுறதையே போட்டுருங்க.”

“அதான் அன்னிக்கே கேட்டேன்லண்ணே?” மீரான் ஜாக்கியை உருட்டிக்கொண்டு வந்தார். “வலதுல இருக்கறது இருக்கட்டும், ஒரு வளையம் வச்சு உசத்திர்றேன். இடதை மட்டும் மாத்துவோம்.”

போல்ட்டுகள் கழன்றன.

“ஏதாவது சொல்லேன்,” என்றது வலது.

“அவள் காலை ஊன்றும்போது இடது காலைத்தான் முதலில் ஊன்றுவாள். புதிதாக வருகிறவனிடம் சொல். பயப்படாமல் தாங்கச் சொல்,” என்றது இடது ஸ்பிரிங்.

மீரான் அதைச் சுவரோரம் சாய்த்து வைத்தார். புதிதாக வந்த மெலிந்த ஸ்பிரிங் அந்த இடத்தில் உட்கார்ந்தது. ராசாங்கம் ஏறினார். மீரான் எதிரே போய் நின்று, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

“நூல் புடிச்ச மாதிரி நிக்குதுண்ணே.”

அடுத்த நாள் மலையில் மூடுபனி இறங்கியிருந்தது. ஜீப் குலுங்காமல், துள்ளாமல் ஏறியது. நான்கு சக்கரங்களும் தரையில் பாவியிருந்தன. பெண்கள் வழக்கமாக நடக்கும் இடம் வந்தபோது வலது ஸ்பிரிங் ஒரு மாற்றத்தை உணர்ந்தது. பிரேக்கில் கால் பதிந்திருந்தது.

“வேகம் குறைகிறது. நிறுத்தப்போகிறார்! தயாராக இரு,” என்றது அது.

“தனி ஆள் போகும் வண்டி என்றுதானே என்னை மாட்டினார்கள்!” என்று மெலிந்த ஸ்பிரிங் பதறியது. “என்னால் தாங்க முடியுமா?”

“தாங்குவாய். கொஞ்சம் சாய்வாய், அவ்வளவுதான்.”

பனிக்குள்ளிருந்து பேச்சுச் சத்தம் வந்தது. ராசாங்கம் இன்னும் மெதுவாக்கினார். சீட்டின் உறையை அன்று காலையில்தான் பிரித்திருந்தார். கூப்பிட வாயெடுத்தார். அவளாகவே கை காட்டட்டும் என்று ஒரு கணம் பொறுத்தார்.

பாதையோரத்தில் ஒச்சம்மா நின்று பார்த்தாள். பனியில் வண்டிக்குள் இருப்பது தெரியவில்லை. முன்விளக்குகள் இரண்டும் ஒரே மட்டத்தில் வந்தன. உயரத் தொடங்கிய கையை அவள் இறக்கிக்கொண்டாள்.

“நம்ம சாஞ்ச வண்டியா அக்கா?” என்று பின்னாலிருந்து ஒருத்தி கேட்டாள்.

“அதேதான். ஆனா நேரா வருதுடி. பக்கத்து சீட்டுல ஆள் இருக்கு போல,” என்று சொல்லிவிட்டு, ஒச்சம்மா கூடையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு மலைப்பக்கமாக ஒதுங்கி வழிவிட்டாள்.