சுவரோடு ஒட்டி நின்ற கறையான்கள்

ஒரு காட்டில் பெரிய கறையான் புற்று ஒன்று இருந்தது. அதன் சுரங்கப் பாதைகளில் காவல் கறையான்கள் நாள் முழுவதும் ஓடிக்கொண்டே இருக்கும். பாதையின் சுவர் நெடுகிலும் வேலைக்காரக் கறையான்கள் வரிசையாக ஒட்டி நிற்கும். அவற்றில் ஒருத்தி சில்லி.

காவல் தலைவன் கத்தரியனுக்குச் சில்லியைக் கண்டாலே ஆகாது. கண்டாலே என்ன, அவனுக்குத்தான் கண்ணே கிடையாதே! கறையான்களில் பலவும் குருடுதான். ஆனால் வாய்க்கு மட்டும் குறைவில்லை.

"நாங்கள் ஓடி ஓடி உழைக்கிறோம். நீ சுவருக்கு முட்டுக் கொடுக்கிறாயா?" என்று போகும்போதெல்லாம் இடித்துவிட்டுப் போவான்.

"சுவர் அசைந்தால் எனக்குத்தான் அண்ணே முதலில் தெரியும்!" என்பாள் சில்லி. அதைக் கேட்க அவன் நின்றால்தானே!

ஒருநாள் அவன் ராணியிடமே போய்விட்டான். "மகாராணி! இந்தச் சோம்பேறிகளால் பாதை குறுகிப் போச்சு. இவர்களைப் புற்றின் அடியில் இருக்கும் காளான் தோட்டத்துக்கு அனுப்புங்கள்!"

முட்டையிட்டுக் களைத்திருந்த ராணி, "சரி, அனுப்பிவிடு" என்றாள். சில்லிக்கு அழுகையே வந்துவிட்டது.

மறுநாள் ஒரு மான் புற்றை மிதித்துவிட்டது. முட்டை அறையில் ஓட்டை! கட்டெறும்புகள் கூட்டமாக உள்ளே புகுந்தன. காவலர்கள் பாய்ந்து புறப்பட்டார்கள். சுவரில் ஒட்டி நிற்க ஆளில்லாமல் பாதைதான் இப்போது வழவழவென்று இருக்கிறதே, முட்டை அறையைத் தாண்டி ஓடியே போனார்கள். சுற்றி வந்து மறுபடியும் தாண்டினார்கள்.

"எதிரி எங்கே? எதிரி எங்கே?" என்று கத்தினான் கத்தரியன். எறும்புகள் முட்டைகளைத் தூக்கத் தொடங்கிவிட்டன.

தோட்டத்தில் இருந்த சில்லிக்கு மண் அதிர்வது தெரிந்தது. "வாங்கடி!" என்று தோழிகளைத் திரட்டிக்கொண்டு ஓடி வந்து, முட்டை அறைச் சுவரில் எச்சிலைப் பூசிப் பிசுபிசுப்பாக்கி நின்றாள். கத்தரியன் வந்தான். காலைப் பிடித்து இழுத்தாள்.

"காலை விடு!"

"விடமாட்டேன்! இங்கேதான் எதிரி! இந்தச் சந்தில் தலையை விடுங்கள்!"

இரண்டு தோழிகள் அறை வாசலிலிருந்து விலகிச் சந்து கொடுத்தார்கள். அவன் உடலை நெளித்து உள்ளே நுழைந்தான். பின்னால் வந்தவர்களையும் சில்லி ஒவ்வொருவராகப் பிடித்து அனுப்பினாள். நெரிசலில் சுவரே உப்பி, அறை சூடாகிவிட்டது. எறும்புகள் முட்டைகளைப் போட்டுவிட்டு ஓட்டம் பிடித்தன!

"விடாதே! இன்னும் ஆளை அனுப்பு!" என்று வெறியோடு கத்திய கத்தரியன் எதையோ நறுக்கென்று கடித்தான். அது அவர்கள் சொந்தப் புற்றின் முட்டை.

"போதும் அண்ணே! எறும்பு போயாச்சு. இனி நசுங்குவது நம் பிள்ளைகள்தான்!" என்று சில்லி சந்தை இறுக மூடினாள்.

கத்தரியன் வாயில் ஒட்டியிருந்த ஈரத்தைத் தொட்டுப் பார்த்து வெட்கப்பட்டான். அன்று முதல் சில்லி நிற்கும் இடத்துக்கு வந்தால் தானாகவே மெதுவாக நடந்தான்.

நம் இரத்தக் குழாய்களின் உள்சுவரிலும் செல்கள் இப்படித்தான் ஒட்டி நிற்கின்றன. கிருமி புகுந்த இடத்தில் அவைதான் வெள்ளை அணுக்களைப் பிடித்து நிறுத்திச் சந்து விடுகின்றன. காயம் சிவந்து வீங்குவதில் அவற்றுக்கும் பங்கு உண்டு. வேலை முடிந்ததும் சந்தை மூட வேண்டியவையும் அவைதான்.

ஓடுகிறவரின் வீரத்தை மட்டும் பார்த்துவிட்டு, ஓரிடத்தில் நின்று வழிவிடவும் தடுக்கவும் தெரிந்தவரை வேலையற்றவர் என்று ஏளனம் செய்யக் கூடாது.