புகையில்லாத கணப்பு

“அம்மா, விறகா, பிரிக்கெட்டா?”

கதிர்காமன் கேட்டது இதைத்தான்.

உலகம்மாள் முன்னால் வந்து உட்காருகிறவர்கள் பிறவியைப் பற்றிக் கேட்பார்கள். பயத்தைப் பற்றிக் கேட்பார்கள். செத்துப்போனவர்கள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்பார்கள். கணப்பில் எதைப் போட்டு எரிப்பது என்று அதுவரை ஒருவரும் கேட்டதில்லை.

கதிர்காமனுக்கே கொஞ்சம் வெட்கமாகத்தான் இருந்தது. ஆனால் மூன்று வாரமாக அவர் மனதில் வேறு கேள்வியே இல்லை.

உலகம்மாள் கொதிக்கிற தண்ணீரில் தேயிலைத்தூளைப் போட்டார். அவருக்கு நாற்பத்திரண்டு வயது. கோத்தகிரிக்கு மேலே அந்தச் சரிவில் இருபது வருடம் கொழுந்து பறித்தவர். ஒரு மழைக்காலத்தில் பேச்சைக் குறைத்துக்கொண்டார். அதன்பிறகு ஆட்கள் அவரைத் தேடி வர ஆரம்பித்தார்கள்.

கதிர்காமனுக்கு அறுபத்தொன்று. மன்னார்குடிப் பக்கம் முப்பது வருடம் வேதியியல் நடத்தி ஓய்வு பெற்றவர். தன்னைவிட இத்தனை இளையவரைக் குருவாக ஏற்றுக்கொண்டு, மனைவி பூரணியையும் கூட்டிக்கொண்டு மலைக்கே குடிவந்துவிட்டார். வந்து ஆறு மாதம். உலகம்மாள் வீட்டுக்குக் கீழே பழைய ஓட்டு வீடு. கூடத்தில் கணப்பு, அதற்கு மேலே புகைக்கூண்டு. கீழ்நாட்டு ஆள், வீட்டுக்குள் தீ மூட்டிக் குளிர்காய்வது இதுதான் முதல் தடவை.

“விறகு புகையுதும்மா,” என்றார். “கூடம் பூரா புகை. பூரணி இருமி இருமி நெஞ்சே புண்ணாப் போச்சுங்கிறா. சீகை விறகு, ஈரம் காயலை, அதான் காரணம். பிரிக்கெட் ஒரு மூட்டை வாங்கிப் பார்த்தேன். மரத்தூளையும் கரித்தூளையும் சேர்த்து அமுக்கின கட்டி. புகையே கிடையாது. ஆனா…”

“ஆனா?”

“மரம்னா மரம். கட்டி ஏதோ மில்லுல செஞ்சது. உள்ள என்ன பசை போட்டிருக்கான்னு யாருக்குத் தெரியும்? எது சரின்னு மனசு ஒரு இடத்துல நிக்க மாட்டேங்குது.”

கையிலிருந்த நோட்டைப் பிரித்து நீட்டினார். நடுவில் கோடு போட்டு ஒரு பக்கம் விறகு, ஒரு பக்கம் கட்டி. எத்தனை நிமிடம் எரிந்தது, எவ்வளவு சாம்பல், எவ்வளவு சூடு. எல்லாம் அழகான கையெழுத்தில்.

உலகம்மாள் நோட்டைத் தொடவில்லை.

“புகை எங்க சார் போகுது?” என்றார்.

கதிர்காமனுக்கு உடம்பு சிலிர்த்தது.

ஆறு மாதத்தில் வந்தவர் போனவர்க்கெல்லாம் ஒரு சொல் கிடைத்தது. அவருக்குக் கிடைத்தது தேநீர்தான். இன்றைக்குக் கிடைத்துவிட்டது.

புகை எங்கே போகிறது!

நோட்டை மூடினார். கண்ணில் நீர் முட்டியது. தரையில் நெடுஞ்சாண்கிடையாக விழுந்து கும்பிட்டார். ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து வெளியே வந்தார். படலைத் தாண்டியதும் திரும்பிப் பார்த்தார். உலகம்மாள் வாசலில் டம்ளரோடு நின்றுகொண்டிருந்தார். கதிர்காமன் இன்னொரு முறை கைகூப்பிவிட்டு இறங்கினார்.

அது புதன்கிழமை.

வியாழன் காலையிலிருந்து அவர் கணப்பின் முன்னால் உட்கார்ந்தார். விடை கிடைக்கிறவரை கட்டியையே எரிப்பது என்று வைத்துக்கொண்டார். புகைந்தால் யோசனை கலைந்துபோகும். பனியும் அந்த வாரம் கடுமையாக இருந்தது; பகலிலேயே புல்நுனியில் வெள்ளை உருகாமல் கிடந்தது. சூடு வெளியே போகாமலிருக்க ஜன்னல்களைச் சாத்தினார். சந்துகளில் பழைய செய்தித்தாளைச் சுருட்டி அடைத்தார்.

கட்டி சிவந்து, சத்தமில்லாமல் எரிந்தது.

புகை காற்றில் கலக்கிறது. கலந்தது அழிவதில்லை. அழியாதது எங்கே இருக்கிறது? இருக்கிற இடத்தை யார் பார்ப்பது? பார்க்கிறவன் எங்கே போகிறான்?

இப்படியே வியாழன் போயிற்று. வெள்ளியும் போயிற்று. பூரணிக்கு இருமல் நின்றுவிட்டது. வீடு அமைதியாக இருந்தது.

சனிக்கிழமை பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அது நடந்தது.

முதலில் கைகள் இல்லாமல் போயின. பிறகு கால்கள். தலைக்குள் ஒரு பாரம் இறங்கி, அந்தப் பாரத்துக்குள் ஒவ்வொரு நினைப்பாக அமிழ்ந்தது. நெஞ்சு மெல்லத் துடித்தது. எங்கோ ஓர் இரைச்சல், ஆற்றுப்பக்கம் இருந்து வருவதுபோல.

வந்துவிட்டது, என்று கதிர்காமன் நினைத்தார். இதுதான்.

அப்போது கண்ணாடி உடைந்தது.

ஒரு விறகுக்கட்டை ஜன்னல் வழியாகப் பறந்து வந்து ஜமுக்காளத்தில் விழுந்தது. அடுத்து இன்னொன்று. அடுத்த ஜன்னலும் நொறுங்கியது. பனிக்காற்று கத்தி மாதிரி உள்ளே இறங்கியது.

அவருக்கு வந்தது கோபம். வாழ்நாள் முழுக்கக் காத்திருந்த ஒன்று வாசல்வரை வந்தது. எவனோ கல்லெறிந்து விரட்டிவிட்டான்.

எழுந்திருக்கப் பார்த்தார். கால் எழவில்லை.

ஜன்னல் வழியாக ஏறி உள்ளே குதித்தது உலகம்மாள்.

“அம்மா… ஏன்…”

உலகம்மாள் அவரைப் பார்க்கவேயில்லை. நேரே நாற்காலிப் பக்கம் ஓடினார். அப்போதுதான் கதிர்காமனும் அந்தப் பக்கம் பார்த்தார்.

பூரணி நாற்காலியிலிருந்து பாதி சரிந்து கிடந்தாள். வாய் திறந்திருந்தது. கன்னம் ரோஜா நிறத்தில் இருந்தது, யாரோ சாயம் பூசிவிட்டதைப் போல.

உலகம்மாள் அவளை அக்குளில் பிடித்துத் தரதரவென்று இழுத்துக்கொண்டு போய் வாசலில் போட்டார். திரும்பி வந்தார். குரு என்று அவர் விழுந்து கும்பிட்ட அந்தப் பெண் அவர் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்தார். பொத்தான்கள் தெறித்தன. நிலைப்படியில் முழங்கால் இடித்தது. புல்லில் குப்புற விழுந்து கதிர்காமன் வாந்தி எடுத்தார்.

“பூரணி!”

அவள் கண் திறக்கவில்லை.

உலகம்மாள் பாதைக்கு ஓடிக் கத்தினார். அந்தக் குரலை அந்த மலையில் யாரும் கேட்டதில்லை. எஸ்டேட் ஜீப் ஒன்று வந்து நின்றது.

ஜீப்பில் போகும்போது உலகம்மாள் ஒன்றே ஒன்று சொன்னார்.

“உங்க வீட்டுப் புகைக்கூண்டு மேல காக்கா உக்காந்திருந்துச்சு சார். தீ எரியற வீட்டுல காக்கா உக்காராது. நீங்க எரிக்கிறீங்கன்னு எனக்குத் தெரியும்.”

ஆஸ்பத்திரியில் பூரணிக்கு ஆக்ஸிஜன் வைத்தார்கள். கதிர்காமனுக்கும் வைத்தார்கள். இளவயது டாக்டரம்மா ஒருத்தர் வந்து பக்கத்தில் உட்கார்ந்து விவரம் எழுதிக்கொண்டார். என்ன எரித்தீர்கள், ஜன்னல் திறந்திருந்ததா, எத்தனை மணி நேரம்.

“என்ன வேலைல இருந்தீங்க?”

“வாத்தியார்.”

“என்ன பாடம்?”

கதிர்காமன் முகமூடியை விலக்கினார்.

“கெமிஸ்ட்ரி.”

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். பேனாவை மூடிச் சட்டைப்பையில் செருகிக்கொண்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

கதிர்காமன் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். முப்பது வருடம். ஒவ்வொரு வருடமும் ஒரு நாள் கரும்பலகையில் எழுதுவார்: கார்பன் மோனாக்சைடு. நிறமில்லை. மணமில்லை. ‘மணமில்லை’ என்பதற்குக் கீழே இரண்டு கோடு போடுவார். பரீட்சையில் வரும் என்று சொல்லித்தான் போடுவார்.

பூரணி மறுநாள் காலை கண் விழித்தாள். நான்காம் நாள் வீட்டுக்கு வந்தாள். நடந்தால் தலை சுற்றியது. சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்தாள். மற்றபடி உயிர் தப்பிவிட்டது.

அன்றைக்கே புகைக்கூண்டைச் சுத்தம் செய்ய பெள்ளி வந்தார். அந்தப் பக்கத்து பங்களாக்களுக்கெல்லாம் அவர்தான். ஓட்டின் மேல் ஏறிக் கம்பியை விட்டுக் குடைந்தார். கணப்புக்குள் சுள்ளி விழுந்தது. கற்பூர மரத்து இலை கொத்துக் கொத்தாக விழுந்தது. பழைய கூடு ஒன்று, அதன்மேல் இன்னொரு கூடு. நாலு கூடை அள்ளினார்கள்.

பெள்ளி இறங்கி வந்து கையைத் தட்டிக்கொண்டார்.

“இதை வெச்சுக்கிட்டா இத்தனை நாள் எரிச்சீங்க?” என்றார். “புகை எங்க சார் போகும்?”

கதிர்காமன் கையிலிருந்த கூடை நழுவிக் கீழே விழுந்தது.

“என்ன சார்?”

“என்ன சொன்னீங்க?”

“புகை போறதுக்கு வழியே இல்லையே, எங்க போகும்னு கேட்டேன். ஏன், தப்பா?”

கதிர்காமன் கரி படிந்த கணப்பின் விளிம்பில் உட்கார்ந்துவிட்டார்.

“விறகு எரிச்சா அது கூடத்துக்குள்ள திரும்பி உங்களை இருமவெச்சு விரட்டியிருக்கும்,” என்று பெள்ளி சொல்லிக்கொண்டே போனார். “கட்டி அப்படிச் செய்யாது. இனிமே எது வேணா எரிங்க. ஜன்னலை மட்டும் ரெண்டு விரக்கடை திறந்து வைங்க.”

“விறகு,” என்றாள் பூரணி, சுவரைப் பிடித்தபடி. ஏன் என்று கதிர்காமன் கேட்கவில்லை.

அவர் அன்று மாலையே மேலே ஏறிப் போனார். படலைத் திறந்தார். கும்பிடவில்லை.

“நீங்க என்கிட்ட புதிர் போடல,” என்றார்.

“இல்ல சார்.”

“புகைக்கூண்டு அடைச்சிருக்கான்னுதான் கேட்டீங்க.”

“ஆமா சார். வீடு பூரா புகைன்னு சொன்னீங்க. அதான் கேட்டேன்.”

“நான் புதிர்னு நினைச்சேன்.”

“தெரியும்.”



“தெரியுமா? எப்பத் தெரியும்?”

“நீங்க விழுந்தப்பவே தெரிஞ்சுது.”

“அப்ப ஏன் கூப்பிட்டுச் சொல்லல? வாசல்லதானே நின்னீங்க? ‘சார், நான் புகைக்கூண்டைக் கேட்டேன்’னு ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை!”

அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. உலகம்மாள் அதை இறக்கிவைத்தார். முகத்தைத் திருப்பாமல் அவரை நேராகப் பார்த்தார்.

“நல்லா இருந்துச்சு சார்.”

“எது?”

“நான் கேட்டதுக்கு, படிச்ச மனுசன் ஒருத்தர் அழுதது.”

கதிர்காமனுக்குக் கத்தவேண்டும் போலிருந்தது. கதவைப் பிடித்துக்கொண்டார்.

உலகம்மாள் கம்பளியை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார். அவரைத் தாண்டி வெளியே போய்ச் சரிவில் இறங்க ஆரம்பித்தார். கதிர்காமன் பின்னாலேயே வந்தார்.

பூரணி கூடத்தில் பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். விறகு எரிந்தது. ஜன்னல் இரண்டு விரற்கடை திறந்திருந்தது. உடைந்த கண்ணாடிக்குப் பதில் அட்டை ஒட்டியிருந்தார்கள்.

உலகம்மாள் அவள் முன்னால் தரையில் உட்கார்ந்தார். நடந்ததை ஆரம்பத்திலிருந்து சொன்னார். கேட்டது, அவர் அழுதது, தான் வாசலில் நின்றது, கூப்பிட நினைத்தது, கூப்பிடாமல் விட்டது. எதையும் மறைக்கவில்லை.

“உங்க உசுரு போயிருக்கும்,” என்றார். “என்மேலதான் தப்பு.”

பூரணி மடியிலிருந்த தோலை ஒதுக்கிவைத்தாள். கணவர் பக்கம் திரும்பவில்லை.

“நீங்க ஒரு தடவை கேட்டீங்க,” என்றாள். “நான் மூணு நாளா தலை வலிக்குது, ஜன்னலைத் திறங்க, தலை வலிக்குது, ஜன்னலைத் திறங்கன்னு சொல்லிக்கிட்டே இருந்தேன். சனிக்கிழமை நானே எந்திரிச்சுத் திறந்துடலாம்னு பார்த்தேன். கால் வரலை.”

கதிர்காமன் நின்ற இடத்திலேயே நின்றார்.

வியாழன். வெள்ளி. சனி. கண்ணை மூடி ஒவ்வொரு நாளாகத் தேடினார். தணலின் நிறம் நினைவுக்கு வந்தது. கட்டி உடைந்து விழும் ஓசை நினைவுக்கு வந்தது.

அவள் குரல் வரவேயில்லை.